மனநலக் கோளாறுகளை முதன்முதலில் படிப்பவர்களுக்கு ஓர் இலவசப் பாடநூல்: ஓப்பன்ஸ்டாக்ஸ் ‘சைக்காலஜி’யின் 15ஆம் அத்தியாயம்

இளநிலை உளவியல் மாணவர்களுக்கு மனநலக் கோளாறுகளைப் பற்றிய முதல் பாடத்தை நடத்துபவருக்குப் பொருத்தமான நூல் கிடைப்பது எளிதன்று. நம் கல்லூரிகளில் ‘அப்நார்மல் சைக்காலஜி’ என்றும் தமிழில் ‘நெறிபிறழ் உளவியல்’ என்றும் வழங்கும் அந்தத் தாளுக்குப் பரிந்துரைக்கப்படும் ஆங்கில நூல்கள் விலை மிகுந்தவை. என் மாணவர்களில் பெரும்பாலோர் நகலெடுத்த பக்கங்களையும் சீனியர்கள் கொடுத்த குறிப்புகளையும் வைத்தே தேர்வு எழுதிவந்தார்கள். அதனால் சில ஆண்டுகளாக, ஓப்பன்ஸ்டாக்ஸ் வெளியிடும் ‘சைக்காலஜி’ பாடநூலின் இரண்டாம் பதிப்பில் உள்ள 15ஆம் அத்தியாயத்தை வகுப்பில் பயன்படுத்திவருகிறேன். அதில் நான் நன்றியோடு ஏற்றுக்கொண்டவை பல உண்டு. திருத்தாமல் மாணவர் கையில் கொடுக்க மனம் ஒப்பாதவையும் சில உண்டு. இந்தத் தாளை நடத்தப்போகும் ஆசிரியர்களுக்கும், தாமாகவே படிக்க விரும்பும் மாணவர்களுக்கும் உதவக்கூடும் என்பதால் இரண்டையும் எழுதுகிறேன்.

ஓப்பன்ஸ்டாக்ஸ், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாப நோக்கமற்ற முயற்சி. இந்தப் பாடநூலின் முதல் பதிப்பு 2014ஆம் ஆண்டிலும் இரண்டாம் பதிப்பு 2020ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. இணையத்தில் படிக்கவும் பிடிஎஃப் கோப்பாக இறக்கிக்கொள்ளவும் கட்டணம் இல்லை. மாணவர்கள் பதிவு செய்யவும் வேண்டியதில்லை. மனநலக் கோளாறுகளுக்கான 15ஆம் அத்தியாயம் 11 பகுதிகளைக் கொண்டது. ‘கோளாறு’ என்பதன் வரையறையில் தொடங்கி, வகைப்படுத்தும் முறை, விளக்கக் கோட்பாடுகள் ஆகியவற்றைக் கடந்து, பதற்றக் கோளாறுகள், எண்ணச் சுழற்சி நோய் (ஓசிடி), பேரதிர்ச்சிக்குப் பின் வரும் கோளாறு (பிடிஎஸ்டி), மனநிலைக் கோளாறுகள், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா), நினைவோ தன்னுணர்வோ பிளவுபடும் விலகல் கோளாறுகள், குழந்தைப் பருவக் கோளாறுகள், ஆளுமைக் கோளாறுகள் என்று செல்கிறது. சிகிச்சை முறைகள் அடுத்த அத்தியாயத்தில் உள்ளன.

குறையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அத்தியாயத்தின் முகப்பில், 2013 செப்டம்பர் 16 அன்று வாஷிங்டன் கடற்படைத் தளத்தில் ஒருவர் 12 பேரைச் சுட்டுக்கொன்ற நிகழ்வு இடம்பெறுகிறது. இறந்தவர்களுக்காக மலர்வளையம் வைக்கும் படமும், சுட்டவர் தமக்குக் குரல்கள் கேட்பதாக முன்பே காவல்துறையிடம் முறையிட்டிருந்தார் என்ற விவரமும் அங்கே உள்ளன. மாணவரின் கவனத்தை ஈர்க்கவே ஆசிரியர்கள் இந்த நிகழ்வைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள் என்று புரிந்துகொள்கிறேன். ஆனாலும் இந்தத் துறைக்குள் முதல் அடி வைக்கும் 19 வயது மாணவியின் மனத்தில், குரல் கேட்பவர் என்றால் துப்பாக்கி ஏந்தியவர் என்ற படம் முதலில் பதிந்துவிட்டால், அதன்பிறகு வரும் எத்தனையோ பக்கங்கள் அதை அழிக்கப் போராட வேண்டியிருக்கிறது. மனநலக் கோளாறுடன் வாழ்பவர்களில் மிகப் பெரும்பாலோர் எவருக்கும் தீங்கு செய்வதில்லை. பிறரால் தாக்கப்படும் ஆபத்துதான் அவர்களுக்கு அதிகம். நம் ஊரில் பேருந்து நிலையத்தில் தனியாகப் பேசிக்கொண்டு நடப்பவர்மீது கல்லெறியும் சிறுவர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள்தாம் என் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் அறிய வேண்டியது யார் யாருக்குத் தீங்கு செய்கிறார்கள் என்பதைத்தான். ஆகவே நான் அந்த முகப்பை ஒதுக்கிவிட்டு, நேராக 15.1ஆம் பகுதியில் வகுப்பைத் தொடங்குகிறேன்.

15.1ஆம் பகுதி மிக நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. எந்த நடத்தையைக் கோளாறு என்று சொல்லலாம் என்ற கேள்விக்கு, ‘பெரும்பாலோர் செய்யாதது’, ‘பண்பாட்டுக்கு மாறானது’, ‘துன்பம் தருவது’ என்ற விடைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொன்றும் தனித்து நிற்கும்போது எங்கே தோற்றுப்போகிறது என்று அது காட்டுகிறது. பிறகு ஜெரோம் வேக்ஃபீல்டு முன்வைத்த, ‘தீங்கு விளைவிக்கும் செயற்பிறழ்வு’ என்று தமிழில் சொல்லத்தக்க கருத்துக்கு வருகிறது. மனத்தின் ஓர் இயல்பான செயல்பாடு பழுதுபட்டிருக்க வேண்டும். அந்தப் பழுது அந்த மனிதருக்கோ பிறருக்கோ, அவர்களுடைய பண்பாடு தீங்கென்று கருதும் விளைவைத் தந்திருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கோளாறு.

இந்த இடத்தில் நான் நூலை மூடிவைத்துவிட்டு, ஆடி மாதத்து அம்மன் கோயிலை வகுப்புக்குள் அழைத்துவருகிறேன். உடுக்கைச் சத்தம் கேட்டதும் சாமி வந்து ஆடி, குறி சொல்லி, திருநீறு பூசியதும் அடங்கி, மறுநாள் காலையில் வழக்கம்போல் வயலுக்கோ வேலைக்கோ போகும் ஒரு பெண்ணுக்குக் கோளாறு இருக்கிறதா என்று கேட்டால், வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிடும். தம் வீட்டிலேயே சாமியாடுபவர்கள் இருப்பதாகச் சொல்லும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அந்த ஆட்டத்துக்கு ஊரும் நாளும் ஏற்றுக்கொண்ட இடம் உண்டு. அதனால் அவருடைய அன்றாட வாழ்க்கை குலைவதில்லை. ஒருவருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமைகள் மாறிமாறி வெளிப்படும் பல ஆளுமை விலகல் கோளாறுக்கான வரைமுறையில், மனநலக் கோளாறுகளை வகைப்படுத்தும் அமெரிக்க உளமருத்துவக் கழகத்தின் டிஎஸ்எம்-5 கையேடும், பரவலாக ஏற்கப்பட்ட பண்பாட்டு அல்லது சமய வழக்கத்தின் இயல்பான பகுதியாக அது இருக்கக் கூடாது என்று தனியாகவே நிபந்தனை விதிக்கிறது. அதே பெண் நாள்தோறும், கோயிலும் உடுக்கையும் இல்லாமல், தன் விருப்பத்துக்கு எதிராக அந்த நிலைக்குப் போய், சோறு தண்ணீர் இறங்காமல் மெலிந்துகொண்டிருந்தால் கேள்வி வேறு. வரையறை ஒன்றை மனப்பாடம் செய்வதற்கும் அதைக் கையில் எடுத்துப் பயன்படுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் அந்த ஒரு மணி நேரத்தில் உணர்ந்துகொள்கிறார்கள். நூலில் உள்ள எடுத்துக்காட்டுகள் வேறாக இருந்தாலும், இந்த உரையாடலுக்கு அடித்தளம் போட்டுக்கொடுத்தது நூல்தான்.

மனநோய் என்பதே ஒரு புனைவு என்று 1960ஆம் ஆண்டில் வாதிட்ட உளமருத்துவர் தாமஸ் சாஸின் கருத்தும் இதே பகுதியில் ஒரு தனிக் கட்டத்தில் தரப்பட்டுள்ளது. முதல் பாடத்திலேயே துறையின் எதிர்ப்பாளரை அறிமுகம் செய்யும் துணிவை நான் மதிக்கிறேன். வகைப்படுத்தலைப் பேசும் 15.2ஆம் பகுதியும் அதே நேர்மையோடு இருக்கிறது. 1952இல் முதன்முதலாக வெளிவந்த டிஎஸ்எம் கையேடு தன்பாலீர்ப்பைக் கோளாறுகளின் பட்டியலில் வைத்திருந்ததையும், 1973இல் அது நீக்கப்பட்டதையும் மறைக்காமல் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் மாதத்தில், பாலீர்ப்பை மாற்றுவதாகச் சொல்லும் ‘சிகிச்சை’களைத் தடை செய்யுமாறு பிறப்பித்த உத்தரவை நான் இதோடு சேர்த்துப் படிக்கக் கொடுக்கிறேன். அந்த வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்புக்கு முன்பு தாமே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து இந்தப் பொருளைக் கற்றுக்கொள்ள முன்வந்தார். உளவியல் படிக்கும் மாணவர்களுக்கு அது தம் துறையின் மதிப்பைக் காட்டும் நிகழ்வு.

இந்தப் பகுதியின் பெருங்குறை, அது முழுக்க டிஎஸ்எம் கையேட்டைச் சார்ந்திருப்பது. உலக நலவாழ்வு நிறுவனம் எல்லா நோய்களுக்கும் வெளியிடும் ஐசிடி வகைப்பாட்டைக் குறிப்பிட்டாலும், விரைவாகக் கடந்துவிடுகிறது. இந்தியாவில் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, மனநோயைத் தீர்மானிக்கும் அளவுகோலாகப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவது ஐசிடியின் அண்மைப் பதிப்பைத்தான். ஒருவருடைய அரசியல், பொருளாதார, சமூக நிலையையோ, சமூக ஒழுக்க மதிப்புகளுக்கு அவர் இணங்காததையோ காரணமாக வைத்து அவரை மனநோயாளி என்று தீர்மானிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. சாஸின் வாதத்தைப் படித்த மாணவர் அடுத்து இந்தச் சட்டப் பிரிவைப் படித்தால், ஒரு பழைய விவாதம் நம் நாட்டில் சட்டமாக எங்கே வந்து நிற்கிறது என்று காண்பார். நூல் 2020ஆம் ஆண்டுடன் நின்றுவிட்டதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2022இல் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11உம், அதே ஆண்டில் நீடித்த துயரக் கோளாறைச் சேர்த்துக்கொண்டு வெளிவந்த டிஎஸ்எம்-5இன் திருத்தப் பதிப்பும் அதன்பிறகு வந்தவை.

15.2ஆம் பகுதியின் முடிவில் பரிவான பார்வை பற்றிய சிறு துண்டு ஒன்று வருகிறது. அத்தியாயம் முழுவதிலும் நான் மிகவும் மதிக்கும் பத்திகள் அவை. மனிதரை அவருடைய நோயின் பெயரால் அழைக்கக் கூடாது. ‘இந்தக் கோளாறு உள்ள ஒருவர்’ என்றே சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் அந்தக் கோளாற்றைவிடப் பெரியவர் என்று அது கேட்டுக்கொள்கிறது. தமிழில் இந்த வேண்டுகோளுக்கு இன்னும் கூடுதலான பொருள் உண்டு. ‘பைத்தியம்’, ‘லூசு’, ‘மென்டல்’ என்பவை வகுப்பறையிலும் வீட்டிலும் வசைச்சொற்களாக நாளும் புழங்குகின்றன. இந்தப் பத்திகளைப் படித்த வாரத்தில், ‘மனச்சிதைவு நோயாளி’ என்பதற்குப் பதிலாக ‘மனச்சிதைவுடன் வாழ்பவர்’ என்று எழுதச் சொல்லிப் பயிற்சி தருகிறேன். தொடக்கத்தில் நாவுக்குப் பழகாத சொல்லாட்சியாக இருந்தாலும், பருவத்தின் முடிவில் பலர் இயல்பாக எழுதுகிறார்கள்.

அதே துண்டில், படிக்கும்போது இந்த விவரணைகள் உங்களையே குறிப்பதுபோல் தோன்றினால் கவலைப்பட வேண்டாம், அது நீங்கள் இயல்பாக இருப்பதையே பெரும்பாலும் காட்டுகிறது என்று நூல் மாணவர்களுக்கு ஆறுதல் சொல்கிறது. மருத்துவ மாணவர்கள் தாம் படிக்கும் நோயெல்லாம் தமக்கே இருப்பதாக அஞ்சுவது வெகுகாலமாக அறியப்பட்ட ஒன்று. உளவியல் மாணவர்களிடம் அது இன்னும் எளிதாக நேர்கிறது. ஆனால் அந்த ஆறுதலை அப்படியே விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 60 பேர் கொண்ட வகுப்பில் சிலருக்கு உண்மையிலேயே உதவி தேவைப்படும். 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில், பெங்களூரில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வு, வயதுவந்தோரில் 10.6 சதவீதத்தினருக்கு அந்த நேரத்தில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்ததாகவும், கோளாற்றைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்ததாகவும் கண்டது. ஒருமுறை, இந்தப் பகுதியை முடித்த நாளில் வகுப்புக்குப் பின் தங்கிய ஒரு மாணவி, “மேடம், நூல் கவலைப்பட வேண்டாம் என்கிறது, ஆனால் ஆறு மாதமாக எனக்குத் தூக்கமே இல்லையே” என்றார். அதன்பிறகு அந்த ஆறுதல் வரிக்குக் கீழே நானே ஒரு வரி எழுதிக்கொடுக்கிறேன்: தோன்றுவது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, படிப்பையோ உணவையோ உறக்கத்தையோ கெடுத்தால், அதைப் பேச வேண்டும்.

விளக்கக் கோட்பாடுகளைப் பேசும் 15.3ஆம் பகுதி, அமானுடக் காரணங்களை நம்பிய காலத்திலிருந்து தொடங்குகிறது. சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டப்பட்டவர்களும், மேற்கு ஐரோப்பாவில் கூட்டம் கூட்டமாக மக்கள் ஆடிய ‘ஆட்ட வெறி’யும் அங்கே வருகின்றன. எழுத்து சுவையாக இருந்தாலும், அந்த நம்பிக்கைகள் கடந்துபோன காலத்துக்கு உரியவை என்ற தொனி நம் மாணவர்களுக்குப் பொருந்தாது. மன அமைதி இழந்தவர்களைக் குணசீலம் கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் அழைத்துச் செல்லும் குடும்பங்கள் இன்றும் நம்மிடையே இருக்கின்றன. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப முடியாமல் இறந்தார்கள். இந்தப் பகுதியைத் தமிழ்நாட்டில் நடத்தும் எவரும் அதைச் சொல்லாமல் கடக்கக் கூடாது. அதே நேரத்தில், கோயிலில் தங்குவதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவதும் நியாயம் ஆகாது. தென்னிந்தியாவில் முத்துசாமி கோயில் ஒன்றில் தங்கியிருந்த 31 பேரைக் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான ஆய்வு, சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்களின் அறிகுறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்ததைப் பதிவு செய்தது. அங்கே அவர்களைக் கட்டிவைக்கவில்லை, குடும்பத்தினர் உடனிருந்தார்கள், கோயிலின் அன்றாட வேலைகளில் பங்கெடுத்தார்கள். ஒப்பீட்டுக் குழு இல்லாத சிறிய ஆய்வு என்பதையும் மாணவர்களுக்குச் சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வை எடைபோடும் பழக்கமும் இந்தத் தாளில்தான் தொடங்க வேண்டும். இந்தப் பகுதியின் பிற்பாதியில் வரும் முற்சார்பு-அழுத்த மாதிரி தெளிவாக விளக்கப்பட்டுள்ளது. ஒருவரிடம் முன்பே இருக்கும், உடல் அல்லது மனம் சார்ந்த பாதிப்புக்கான வாய்ப்பும் வாழ்க்கை தரும் அழுத்தமும் சேரும்போதுதான் கோளாறு உருவாகிறது என்ற கருத்தை அத்தியாயம் முழுவதும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் மாணவர்கள் அதை மறப்பதில்லை.

பதற்றக் கோளாறுகளும் எண்ணச் சுழற்சி நோயும் நல்ல முறையில் எழுதப்பட்டுள்ளன; அவற்றைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எண்ணச் சுழற்சி நோயின் பகுதியில், மடி, தீட்டு போன்ற வழக்கங்களையும் நோயையும் பிரித்தறிய ஆசிரியர் கூடுதலாக ஒரு மணி நேரம் ஒதுக்கினால் நல்லது.

மனநிலைக் கோளாறுகளுக்கு வரும்போது மொழியே ஒரு சிக்கலாகிறது. நாளிதழ்களிலும் பேச்சிலும் ‘மன அழுத்தம்’ என்ற ஒரே தொடர், தேர்வு நாளின் நெருக்கடியையும் மருத்துவப் பொருளில் வரும் மனச்சோர்வையும் சேர்த்தே குறிக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டு அத்தியாயங்களில் தனித்தனியே விளக்கப்படும் இரண்டு கருத்துகள், தமிழில் சிந்திக்கும் மாணவரின் மனத்தில் ஒன்றாகிவிடுகின்றன. முதல் வாரத்திலேயே நெருக்கடிக்கு ‘மன அழுத்தம்’, நோய்க்கு ‘மனச்சோர்வு’ என்று வகுப்புக்குள் ஓர் உடன்பாடு செய்துகொள்ளும்படி மற்ற ஆசிரியர்களுக்கும் பரிந்துரைக்கிறேன். நம் மக்கள் பலர் மருத்துவரிடம் ‘சோகமாக இருக்கிறது’ என்று சொல்வதில்லை. ‘நெஞ்சு படபடக்கிறது’, ‘உடம்பெல்லாம் எரிகிறது’, ‘கை கால் ஓய்ந்துவிட்டது’ என்றுதான் சொல்கிறார்கள். உடல் அறிகுறிகளாக வெளிப்படும் கோளாறுகளுக்கு இந்த அத்தியாயத்தில் தனிப் பகுதி இல்லாதது இங்கே பெரிய இழப்பு.

தற்கொலையைப் பற்றிய பக்கங்கள் பொறுப்போடு எழுதப்பட்டுள்ளன. எண்களும் காரணிகளும் அமெரிக்காவுக்கு உரியவை. நான் அந்தப் பக்கங்களைத் திறப்பதற்கு முன்பே அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐக் கரும்பலகையில் எழுதிவிடுகிறேன். சென்னையில் 1986 முதல் செயல்படும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவைப் பற்றியும், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ளப்பட்டுத் தண்டனைக்கு ஆளாக்கப்படக் கூடாது என்று சொல்லும் 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவைப் பற்றியும் சொல்கிறேன். முயன்றவர்மீது வழக்குப் போடுவார்கள் என்ற அச்சத்தால் மருத்துவமனையில் உண்மையை மறைக்கும் குடும்பங்களை என் மாணவர்கள் அறிவார்கள்.

பேரதிர்ச்சிக்குப் பின் வரும் கோளாற்றின் பகுதியில் போர்முனையும் தனிமனிதர்கள்மீதான தாக்குதல்களும் முதன்மை பெறுகின்றன. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினம் கடற்கரையில் ஒரு குப்பமே சேர்ந்து துயருற்றதை அந்தச் சட்டகம் முழுமையாகத் தாங்காது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரும் இடப்பெயர்வும் குடும்பத்தையும் ஊரையும் அவற்றின் நம்பிக்கை உறவுகளையும் சேர்த்தே காயப்படுத்துவதைக் ‘கூட்டுப் பேரதிர்ச்சி’ என்ற கருத்தால் விளக்கினார். அதைச் சேர்த்துப் படிக்கும்போது, சமூக ஆதரவு கோளாற்றின் வாய்ப்பைக் குறைக்கிறது என்று நூல் சொல்லும் ஒரு வரியின் ஆழம் புலப்படுகிறது. ஆதரவு தர வேண்டியவர்களும் அதே அலையில் போய்விட்டால் என்ன ஆகும் என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

நான் அதிக நாள் செலவிடுவது மனச்சிதைவைப் பற்றிய 15.8ஆம் பகுதியில். மரபும் சூழலும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்பதைக் காட்ட, பின்லாந்தில் தத்துக் குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வின் எண்களை நூல் எடுத்து வைக்கிறது. பெற்ற தாய்க்கு மனச்சிதைவு இருந்து, குழப்பம் மிகுந்த குடும்பத்தில் வளர்ந்தவர்களில் 36.8 சதவீதத்தினர் பாதிக்கப்பட்டார்கள். அதே மரபு வாய்ப்போடு நலமான குடும்பத்தில் வளர்ந்தவர்களில் அந்த அளவு 5.8 சதவீதம். மரபு வாய்ப்பு இல்லாதவர்களில் குழப்பமான குடும்பத்தில் வளர்ந்தோருக்கு 5.3, நலமான குடும்பத்தில் வளர்ந்தோருக்கு 4.8 சதவீதம். இந்த நான்கு எண்களைப் பலகையில் எழுதிவிட்டு, மாணவர்களே முடிவு சொல்லட்டும் என்று நான் ஒதுங்கிக்கொள்கிறேன். ‘பரம்பரை நோய்’ என்று சொல்லித் திருமணத்தையும் மறுவாழ்வையும் மறுக்கும் ஊர்ப் பேச்சுக்கு அதைவிடத் தெளிவான பதில் வேறு இல்லை. எனினும் குடும்பமே நோயைத் தருகிறது என்று யாரும் எடுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே குற்ற உணர்வில் வாடும் தாய்மார்களிடம்தான் இந்த மாணவர்கள் நாளை பேசப்போகிறார்கள்.

மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருளை நோயோடு தொடர்புபடுத்தும் கருதுகோளும், மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகளின் விரிவும் சுருக்கமாகவும் சரியாகவும் உள்ளன. இல்லாதது, இந்த நோயுடன் வாழ்பவரின் குரல். அந்த இடத்தை நிரப்பச் சென்னையிலேயே பொருள் இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் தான்யா லூர்மன், சென்னையில் உள்ள மனச்சிதைவு ஆராய்ச்சி அமைப்பான ஸ்கார்ஃபின் உளமருத்துவர்களோடும் பிறரோடும் சேர்ந்து, குரல் கேட்கும் அனுபவம் உடையவர்களை அமெரிக்காவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை ஆகிய மூன்று இடங்களில், இடத்துக்கு 20 பேராக நேர்கண்டார். 2015இல் வெளியான அந்த ஆய்வில், அமெரிக்கர்கள் பலர் தமக்குக் கேட்ட குரல்களை வன்முறை நிறைந்தவையாகவும் மூளைக் கோளாற்றின் அடையாளமாகவும் விவரித்தார்கள். சென்னையில் பலருக்குக் கேட்டவை உறவினரின் குரல்கள். வீட்டு வேலையை முடி என்றும் குளி என்றும் அவை மூத்தவர்களைப்போல் கண்டித்தன, சில நேரம் துணையாகவும் இருந்தன. இதை வகுப்பில் படித்த நாளில் எழுந்த அமைதியை நான் மறக்கவில்லை. துப்பாக்கியோடு தொடங்கும் இந்த அத்தியாயத்தின் முகப்பில், அத்தையும் மாமாவும் பேசும் இந்தக் குரல்கள் இருந்திருந்தால் எத்தனை வேறுபட்ட அறிமுகமாக அது அமைந்திருக்கும்!

நோயின் போக்கைப் பற்றியும் நூல் குறைவாகவே பேசுகிறது. 1981இல் சென்னையில் தொடங்கி, முதன்முறையாக நோய்க்கு ஆளான 90 பேரைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை இதோடு சேர்க்க வேண்டும். விடாமல் தொடர்ச்சியாக நோயிலேயே இருந்தவர்கள் அதில் மிகச் சிலரே. ஸ்கார்ஃபை 1984இல் நிறுவிய சாரதா மேனன், அதற்கு முன்பு கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக இருந்தவர். மருத்துவமனையை விட்டு வெளியே போனவர்களுக்கு வேலையும் துணையும் வேண்டும் என்று அவர் உழைத்ததை, மருந்தைப் பற்றிய பக்கங்களோடு சேர்த்தே நான் நடத்துகிறேன். இரண்டாம் ஆண்டு மாணவர்களை மருத்துவமனை வார்டுகளுக்குள் கூட்டமாக அழைத்துப்போய் வரிசையாகக் காட்டும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அதற்கு நான் உடன்படவில்லை. மறுவாழ்வு மையத்தில் தொழிற்பயிற்சி பெறுபவர்களோடு, அவர்கள் சம்மதத்துடன், ஒரு காலைப்பொழுது சேர்ந்து வேலை செய்தால் மாணவர்கள் அதைவிடக் கூடுதலாகக் கற்றுக்கொள்கிறார்கள்.

விலகல் கோளாறுகளின் பகுதி சுருக்கமானது. தமிழ்த் திரைப்படங்கள் வழியாக மாணவர்கள் ஏற்கெனவே இதைத் ‘தெரிந்து’ வைத்திருப்பதாலும், மனச்சிதைவையும் இதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதாலும், இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கும் நூலின் வரிசை உதவியாக இருக்கிறது. ஆனால் அத்தியாயத்தின் இறுதியில் உள்ள பயிற்சி வினாக்களில் ஒன்று, கொடிய குற்றம் செய்து பிடிபட்டபின் தமக்குப் பல ஆளுமை விலகல் கோளாறு இருப்பதாக வழக்கில் சொன்ன ஒருவரை இணையத்தில் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்கிறது. முகப்பில் கொலையோடு தொடங்கிய பாடம் பயிற்சியிலும் குற்றத்துக்கே திரும்புகிறது. அந்த வினாவை நீக்கிவிட்டு, ஒரு கோளாற்றைப் பற்றி வீட்டில் உள்ளவர்களுக்கு அவர்கள் மொழியில் விளக்கிவிட்டு வந்து எழுதும்படி கேட்கிறேன். ஆட்டிசத்தைப் பற்றி நண்பர்களோடும் குடும்பத்தினரோடும் பேசிப் பார்க்கச் சொல்லும் நல்ல வினா ஒன்று இதே பட்டியலில் உள்ளது. என் மாற்று வினா அதிலிருந்து பிறந்ததுதான்.

குழந்தைப் பருவக் கோளாறுகளில், தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்ற பொய்யை நூல் பொறுமையாக உடைக்கிறது. 1998இல் லான்செட் இதழில் வந்து 2010இல் திரும்பப் பெறப்பட்ட அந்தக் கட்டுரையின் முதன்மை ஆசிரியர் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு. 15.1ஆம் பகுதியின் ஜெரோம் வேக்ஃபீல்டு வேறு ஒருவர் என்பதைத் தேர்வுக்கு முன் ஒருமுறை சொல்லிவிடுவது நல்லது. விடைத்தாள்களில் இருவரும் ஒருவராகிவிடுகிறார்கள். ஆளுமைக் கோளாறுகளுக்கான பகுதி பட்டியலாகவே நின்றுவிடுகிறது. அதில் எனக்கு நிறைவு இல்லை.

விடுபட்டவற்றில் முதன்மையானது மது. போதைப் பொருட்களோடு தொடர்புடைய கோளாறுகள் இந்த அத்தியாயத்தில் இல்லை. அவை 16ஆம் அத்தியாயத்தில், சிகிச்சையின் ஒரு சிறப்பு நேர்வாக வருகின்றன. உண்ணல் கோளாறுகள் 10ஆம் அத்தியாயத்தில், பசியைப் பேசும் இடத்தில் உள்ளன. தமிழ்நாட்டில் என் மாணவர்கள் மிக அருகில் கண்டிருக்கும் மனநலக் கோளாறு, தந்தையின் அல்லது மாமாவின் குடிநோய்தான். அதை ஒழுக்கக் கேடு என்று மட்டுமே கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பக்கத்தில் வைத்து அதை நடத்துவது அவசியம். எனவே 16.4ஆம் பகுதியை எடுத்து 15.7க்குப் பின்னால் சேர்த்துவிடுகிறேன். முதுமை மறதி நோய்க்கும் இந்த அத்தியாயத்தில் தனிப் பகுதி கிடையாது.

மொழிநடையைப் பொறுத்தவரை, தமிழ் வழியில் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்தவர்களுக்கு முதல் இரண்டு வாரம் கடினமாக இருக்கும். வாக்கியங்கள் நீளமானவை அல்ல. கலைச்சொற்களுக்கு அத்தியாயத்தின் முடிவில் பொருள் தரப்பட்டுள்ளது. ஒவ்வொரு பகுதிக்கும் சுருக்கம் உண்டு. அந்தச் சுருக்கத்தை முதலில் படித்து, பிறகு பகுதியைப் படிக்கச் சொன்னால் பெரும்பாலோர் தொடர்ந்து வந்துவிடுகிறார்கள். ஆண்களிடையேயும் பெண்களிடையேயும் கோளாறுகளின் பரவலைக் காட்டும் வரைபடம் அமெரிக்காவின் 2007ஆம் ஆண்டுத் தரவைக் கொண்டது. அதைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சரிபார்க்கப்பட்ட ஆசிரியர் கணக்கு தொடங்கினால் வினாவங்கியும் வகுப்புக்கான படவில்லைகளும் கிடைக்கின்றன. வினாவங்கியில் எனக்குப் பயன்பட்டவை பாதிக்கும் குறைவு.

முழு நூலின் பிடிஎஃப் பெரிய கோப்பு என்பதால், கைப்பேசியில் படிக்கும் மாணவர்கள் உலாவியில் பகுதி பகுதியாகத் திறப்பதே வசதியானது. வரிசையைப் பொறுத்தவரை 15.1, 15.2, 15.8 என்று தொடங்கிப் பிறகு 15.3க்குத் திரும்பி, மற்றவற்றை நூலின் ஒழுங்கிலேயே படிக்கலாம். முகப்புப் பக்கத்தைப் பருவத்தின் கடைசி வகுப்புக்கு வைத்திருக்கிறேன். அதற்குள் எல்லாவற்றையும் படித்துவிட்ட மாணவர்களிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்து, இந்த அறிமுகத்தில் எதை மாற்றுவீர்கள் என்று கேட்டு எழுதச் சொல்கிறேன்.